கொசு காவல் காத்த கண்டம்

உலக வரைபடத்தை எடுத்து ஸ்பெயினைப் பாருங்கள். அதன் தென்முனைக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே உள்ள கடல், மிகக் குறுகிய இடத்தில் வெறும் 14 கிலோமீட்டர். அமெரிக்கக் கண்டமோ ஒரு பெருங்கடலுக்கு அப்பால் இருக்கிறது. நாடு பிடிக்கக் கிளம்புகிறவர்கள் பக்கத்தில் இருப்பதைத்தானே முதலில் பிடிப்பார்கள்?

நடந்தது தலைகீழ். 1492-இல் கொலம்பஸ் கரீபியத் தீவுகளில் இறங்கினார். 1521-இல் மெக்சிகோவின் அஸ்டெக் தலைநகர் ஸ்பானியர் கையில் விழுந்தது. 1532-இல் பெருவின் இன்கா மன்னர் அட்டஹுவால்பா பிடிபட்டார். நாற்பதே ஆண்டுகளில் இரண்டு பேரரசுகள் சரிந்தன. ஆனால் ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டின் கடற்கரையில், போர்த்துகீசியர் 1482-லேயே எல்மினா கோட்டையைக் கட்டிவிட்டார்கள். கொலம்பஸுக்கும் பத்து ஆண்டுகள் முன்பு! அதன்பின் ஏறக்குறைய 400 ஆண்டுகள் ஐரோப்பியர்கள் அந்தக் கரையோரத்தைத் தாண்டி அதிகம் உள்ளே போகவில்லை. 1870-களில்கூட ஆப்பிரிக்க நிலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் அவர்கள் ஆட்சியில் இருந்தது.

ஏன்? காரணங்கள் பல. இங்கே நான் சொல்லப்போவது அவற்றில் ஒன்றை மட்டும்: எந்த மண்ணில் எந்த நோய் குடியிருந்தது என்பது. இது பழைய கதையாக முடிந்துவிடவில்லை. உங்கள் வீட்டுத் தண்ணீர் டிரம், நீங்கள் வாங்கும் விமான டிக்கெட், உங்கள் ரத்தத்தின் சிவப்பணு வரை வந்து நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

“துப்பாக்கி வைத்திருந்தவன் ஜெயித்தான், இதில் என்ன ஆராய்ச்சி?” என்று கேட்பீர்கள். துப்பாக்கிக்குப் பங்கு உண்டு. ஆனால் மெக்சிகோவுக்குப் போன அதே வகைத் துப்பாக்கியும் குதிரையும் வாளும்தான் ஆப்பிரிக்கக் கரைக்கும் போயின. ஒரே ஆயுதம் ஓரிடத்தில் பேரரசைச் சாய்க்கிறது, இன்னோரிடத்தில் கோட்டைச் சுவருக்குள்ளேயே முடங்குகிறது என்றால், ஆயுதத்துக்கு வெளியே வேறொன்றைத் தேட வேண்டும்.

அமெரிக்காவில் அந்த வேறொன்று பெரியம்மை. 1520-இல் அது மெக்சிகோவுக்குள் நுழைந்தது. ஸ்பானியரை எதிர்த்துப் போரிட்ட அஸ்டெக் மன்னர் குயிட்லாவாக் பட்டத்துக்கு வந்து மூன்று மாதத்துக்குள் அந்நோயில் இறந்தார். தட்டம்மையும் சளிக்காய்ச்சலும் பின்தொடர்ந்தன. அடுத்த நூறு ஆண்டுகளில் அமெரிக்கப் பூர்வகுடிகளில் மிகப் பெரும் பகுதியினர் மடிந்தார்கள். போரில் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்களே அதிகம். அடிமை வேலையும் பட்டினியும் அந்தச் சாவைப் பெருக்கின என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெரியம்மை ஸ்பானியரை ஏன் விட்டுவைத்தது? அவர்களில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே அந்நோய் வந்து பிழைத்தவர்கள். ஒருமுறை பெரியம்மை வந்து தப்பியவருக்கு அது பொதுவாக மறுபடி வராது. ஆனால் அமெரிக்காவில் தாத்தாவுக்கும் வந்ததில்லை, பேரனுக்கும் வந்ததில்லை. ஊரே ஒரே வாரத்தில் படுத்துவிட்டால் கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூட ஆள் இருக்காது.

அமெரிக்காவில் மட்டும் அந்நோய்கள் இல்லாமல் போனது எப்படி? இங்கேதான் நிலம் பேசுகிறது. ஆசியாவையும் அமெரிக்காவையும் வடக்கே இணைத்திருந்த நிலப்பாலம், பனிக்காலம் முடிந்து கடல் உயர்ந்தபோது, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் மூழ்கியது. அதற்குப் பிறகுதான் பழைய உலகத்தில் மனிதன் ஆடு, மாடு, பன்றியோடு ஒரே கூரையின் கீழ் வாழத் தொடங்கினான். கொள்ளைநோய்களில் சில அந்த நெருக்கத்தில் பிறந்தவை. தட்டம்மைக் கிருமி, மாட்டு வெக்கை நோய்க் கிருமிக்கு நெருங்கிய உறவு. அமெரிக்காவிலோ வளர்க்கத் தகுந்த விலங்குகளே சொற்பம்: லாமா, அல்பாகா, வான்கோழி, இன்னும் சில. மாடு இல்லை, குதிரை இல்லை. அதனால் மாட்டிலிருந்து வரும் நோயும் இல்லை, அந்நோய்க்கான எதிர்ப்புச் சக்தியும் இல்லை.

ஆப்பிரிக்காவில் கதை புரண்டது. அது பழைய உலகத்தோடு ஒட்டிய நிலம்; பெரியம்மை அங்கே ஏற்கெனவே இருந்தது. கூடவே ஐரோப்பியரில் பெரும்பாலோருக்குப் பழக்கமில்லாத இரண்டு நோய்கள் இருந்தன. ஒன்று, மலேரியாவிலேயே கொடியதான பால்சிபாரம் வகை (மூளையைத் தாக்கி நாள்கணக்கில் கொல்லக்கூடியது). மற்றொன்று மஞ்சள் காய்ச்சல். நாம் கீழாநெல்லி தேடும் மஞ்சள் காமாலையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது கொசு கடித்துப் பரவும் வைரஸ் நோய்.

புதிதாக வந்தவர்கள் எவ்வளவு பேர் இறந்தார்கள்? 1817 முதல் 1836 வரை சியரா லியோனில் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களில், ஆண்டுக்கு 1000 பேருக்கு 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வயது வீரர்கள் இங்கிலாந்தில் இருந்தால் அந்த எண்ணிக்கை சுமார் 15. 1841-இல் நைஜர் ஆற்றில் மூன்று நீராவிக் கப்பல்கள் உள்நாட்டுக்குப் போயின. அவற்றிலிருந்த சுமார் 150 ஐரோப்பியர்களில் பெரும்பாலோர் காய்ச்சலில் விழுந்தனர். 40-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அதே கப்பல்களில் வேலை செய்த ஆப்பிரிக்கர்களில் காய்ச்சல் கண்டவர்கள் மிகச் சிலரே.

அப்படியானால் ஆப்பிரிக்கர் உடம்பே வேறா? இல்லை. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மலேரியா உள்ள ஊரில் பிறந்த குழந்தையை ஆண்டுதோறும் மலேரியாக் கொசு கடிக்கிறது. குழந்தைகளில் பலர் இறக்கிறார்கள். பிழைத்தவர்களுக்கு மெல்ல மெல்லப் பாதி எதிர்ப்புச் சக்தி உருவாகிறது. நோய் வரும், ஆனால் சாய்க்காது. மஞ்சள் காய்ச்சலோ பெரியம்மை போல: சிறுவயதில் வந்து போனால் பிறகு வராது. ஒரு போர்வீரனை அந்த மண் காப்பாற்றியது என்றால், அதற்கான விலையை அவனுடைய அண்ணனும் தங்கையும் தொட்டிலிலேயே கொடுத்திருந்தார்கள்.

பல தலைமுறைகள் இப்படிப் போனதில் ரத்தத்திலேயே சில மாற்றங்கள் தங்கின. அவற்றில் ஒன்று அரிவாள் செல் (சிவப்பணு வட்டமாக இல்லாமல் அரிவாள் போல வளையும் பிறவித் தன்மை). இதைத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பக்கம் மட்டும் பெற்றவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது என்பதை ஆலிசன் என்ற மருத்துவர் 1954-இல் காட்டினார். இருபக்கமும் பெற்றவர்களுக்கு அதுவே வாழ்நாள் நோய். நம் ஊருக்கு வரும்போது இதை மறுபடி எடுக்கிறேன்.

ஐரோப்பியரைக் கரையிலேயே நிறுத்திய அந்தக் காவல் எப்போது உடைந்தது? கொய்னா என்று நாம் சொல்லும் குயினைன் வந்தபோது. பெருவை ஒட்டிய ஆண்டிஸ் மலைகளின் சின்கோனா மரப்பட்டை காய்ச்சலுக்கு நல்லது என்று ஐரோப்பியர் முன்பே அறிந்திருந்தார்கள். அந்தப் பட்டையிலிருந்து குயினைன் என்ற மருந்துப்பொருளை 1820-இல் பிரான்சில் பெல்லத்தியே, கவந்து என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். 1854-இல் வில்லியம் பைக்கி என்ற மருத்துவர் அதே நைஜர் ஆற்றில் கப்பலில் போனார். காய்ச்சல் வருமுன்பே எல்லோருக்கும் தினமும் குயினைன் கொடுத்தார். ஒருவர்கூட இறக்கவில்லை.

அடுத்த தேவை, மரம். ஆண்டிஸ் மலையிலிருந்து விதையும் நாற்றும் எடுத்துவரக் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேயர் அனுப்பப்பட்டார். 1860-களில் அவை வேரூன்றிய இடங்களில் ஒன்று நம் நீலகிரி. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன; நடுவட்டத்தில் குயினைன் தொழிற்சாலையும் வந்தது. ஜாவாவில் டச்சுக்காரர்கள் இன்னும் பெரிய அளவில் வளர்த்தார்கள். பெருவின் மலைச்சரிவில் விளைந்த ஒரு மரம், ஆசியத் தொழிலாளர் கையால் நடப்பட்டு, ஆப்பிரிக்காவைத் திறக்கும் சாவியாகியது. நீராவிக் கப்பலும் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியும் கூடச் சேர்ந்தன. 1884-85-இல் பெர்லினில் கூடி ஐரோப்பிய அரசுகள் கண்டத்தைப் பங்குபோட விதி வகுத்தன. 1914-இல் தலைநிமிர்ந்து நின்றவை எத்தியோப்பியாவும் லைபீரியாவும் மட்டுமே. எத்தியோப்பியா 1896-இல் அத்வா போர்க்களத்தில் இத்தாலியப் படையை நேருக்கு நேர் தோற்கடித்தது. அங்கே வென்றவர்கள் மனிதர்கள், கொசு அல்ல.

கொசு அதுவரை ஆப்பிரிக்காவைக் காப்பாற்றியது என்று சொல்லலாமா? நிலத்தைக் காத்தது; மக்களைக் காக்கவில்லை. உள்ளே போக முடியாத வணிகர்கள் கரையிலிருந்தபடியே மனிதர்களை விலைக்கு வாங்கினார்கள். அட்லாண்டிக் கடலில் அடிமைகளாக ஏற்றப்பட்டோர் சுமார் 1.25 கோடி. கரீபியக் கரும்புத் தோட்டங்களுக்கு அந்தக் கப்பல்களிலேயே கொசுவும் மஞ்சள் காய்ச்சலும் போய்ச்சேர்ந்தன. 1647-இல் பார்படோஸ் தீவில் பெருங்கொள்ளைநோயாக வெடித்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஐரோப்பிய ஏழைகள் செத்து விழ, ஆப்பிரிக்கர்கள் கூடுதலாகப் பிழைத்தார்கள். அவர்களுடைய எதிர்ப்புச் சக்தியே அவர்கள் கழுத்துக்கு விலைச்சீட்டாயிற்று. அடிமை முறையைக் கொசு உண்டாக்கவில்லை. பேராசை உண்டாக்கியது, நோய் அதற்குக் கணக்குப் போட உதவியது.

அதே தீவுகளில் ஒருமுறை அந்த நோய் திரும்பியும் அடித்தது. ஹைத்தியில் விடுதலைக்கு எழுந்த அடிமைகளை நசுக்க நெப்போலியன் 1801 இறுதியில் தன் மைத்துனர் லெக்ளேரின் தலைமையில் பெரும்படை அனுப்பினார். மழைக்காலம் வரை தாக்குப்பிடித்தால் போதும், காய்ச்சல் மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்பது ஹைத்தித் தலைவர்களுக்குத் தெரியும். படைவீரர் ஆயிரமாயிரமாக இறந்தனர். 1802 நவம்பரில் லெக்ளேரும் மஞ்சள் காய்ச்சலில் மாண்டார். 1803-இல் நெப்போலியன் அமெரிக்காவிலிருந்த லூசியானா நிலப்பரப்பை விற்றுவிட்டார். 1804 ஜனவரி 1-இல் ஹைத்தி விடுதலை நாடானது. நிலத்தை அறிந்தவர்கள் அதை ஆயுதமாக்கிய மகத்தான நேரம் அது.

இந்தியாவில் ஏன் அமெரிக்காவில் நடந்ததும் நடக்கவில்லை, ஆப்பிரிக்காவில் நடந்ததும் நடக்கவில்லை? நாம் பழைய உலகத்து மக்கள். பெரியம்மை நமக்குப் பழைய எதிரி, அதனால் அமெரிக்காவைப் போல ஊர்கள் அழியவில்லை. மலேரியா இங்கும் வெள்ளையரைக் கொன்றது, ஆனால் மேற்கு ஆப்பிரிக்கா அளவுக்கு அல்ல. மஞ்சள் காய்ச்சல் இங்கே இல்லவே இல்லை. அவர்கள் இந்தியச் சிப்பாய்களை வைத்து ஆண்டார்கள், கோடையில் ஊட்டிக்கு ஏறிப்போனார்கள்.

“எல்லாம் நிலம் எழுதிய விதி என்றால், நாம் செய்ய என்ன இருக்கிறது?” நிறைய இருக்கிறது. 1897-இல் செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசுதான் என்று கியூபா மருத்துவர் கார்லோஸ் பின்லே 1881-லேயே சொல்லியிருந்தார். 1900-இல் அது உறுதியானது. பனாமா கால்வாயை வெட்டப் போன பிரெஞ்சு நிறுவனம் 1880-களில் சுமார் 22,000 உயிர்களை இழந்து கைவிட்டது. கொசு ஒழிப்பை முதல் வேலையாகச் செய்த பிறகு அதே இடத்தில் 1914-இல் கால்வாய் திறந்தது. இலங்கையில், 1934-35 கொள்ளைநோயில் சுமார் 80,000 பேரை மலேரியா கொன்றது. அதே இலங்கையை 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. நிலம் மாறவில்லை; கிராமம் கிராமமாகப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்த ஊழியர்களின் உழைப்பு மாற்றியது.

இனி உங்களுக்கு.

அடுத்த முறை யாராவது “அந்த இனம் ஆளப் பிறந்தது, இந்த இனம் அடிமையாகப் பிறந்தது” என்றால், ஒரே கேள்வி கேளுங்கள்: அதே ஐரோப்பியன் மெக்சிகோவில் மன்னனாகவும் சியரா லியோனில் பிணமாகவும் ஆனது எப்படி? ஆள் ஒருவனே, இடம்தான் வேறு. பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக்கொடுங்கள். நிறத்தை வைத்து வரலாற்றை விளக்கும் பழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது.

அரிவாள் செல்லுக்கு வருவோம். அது ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். மலேரியா நெடுங்காலம் இருந்த வேறு இடங்களிலும் இருக்கிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-லேயே கண்டறியப்பட்டது. இருளர், பணியர், குறும்பர் சமூகங்களில் இன்றும் இருக்கிறது. ஒருபக்கம் மட்டும் பெற்றவர்கள் பொதுவாக நலமாகவே வாழ்வார்கள், தமக்கு இருப்பதே தெரியாது. அப்படி இருவர் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரு ரத்தப் பரிசோதனை போதும். ஒன்றிய அரசு 2023-இல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்தில் பழங்குடிப் பகுதிகளில் இந்தப் பரிசோதனை செய்யப்படுகிறது. இருப்பது தெரிந்தால் அது யாருடைய குற்றமும் இல்லை. முன்னோர் மலேரியாவைத் தாண்டி வந்த தடம்.

இதே போல இன்னொன்று, ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பது). இதுவும் மலேரியா பூமியில் தங்கிய பிறவித் தன்மைதான். நம்மிடையே இருக்கும் வைவாக்ஸ் மலேரியா ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்பும். அதை வேரறுக்க பிரைமாகுவின் மாத்திரை தருவார்கள், வழக்கமாக 14 நாள். இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு அம்மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிடும். குறைபாடு இருப்பது தெரிந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள். மாத்திரை தொடங்கியபின் சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், காய்ச்சல் விட்டதே என்று நடுவில் நிறுத்தக் கூடாது.

வீட்டுக்குள் பாருங்கள். கரீபியத் தீவுகளில் படைகளைச் சாய்த்த ஏடிஸ் கொசுதான் இன்று உங்களுக்கு டெங்குவையும் சிக்குன்குனியாவையும் தருகிறது. அது பகலில் கடிக்கும். சாக்கடையைவிடச் சேமித்து வைத்த நல்ல தண்ணீரையே விரும்பும். டிரம், சிமெண்ட் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் டயர், கொட்டாங்குச்சி, மழைநீர் நிற்கும் பழைய ஆட்டுக்கல். முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை காலி செய்தால் சங்கிலி அறும்.

“தண்ணீரைக் கொட்டிவிட்டேனே, போதாதா?” போதாது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். எனவே தேங்காய் நாரோ பிரஷோ வைத்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். மாடித்தொட்டியை இடைவெளி இல்லாமல் மூடுங்கள். சென்னை போன்ற நகரங்களில் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கொசு மாடித்தொட்டியிலும் கிணற்றிலும்தான் பெருகுகிறது.

டெங்குக் காலத்தில் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் தவிர, ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். ரத்தக்கசிவு கூடும்.

வேலைக்காகவோ சுற்றுலாவாகவோ நைஜீரியா, கானா, உகாண்டா, பிரேசில் போன்ற நாடுகளுக்குப் போகிறீர்களா? மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஊசி போட்ட 10-ஆம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது வாழ்நாள் முழுக்கச் செல்லும். கடைசி வாரத்துக்கு வைத்துக்கொண்டால் பயணம் தவறும். சென்னையில் கிண்டி கிங் நிலையம் இதற்கான இடங்களில் ஒன்று. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், 60 வயது தாண்டியவர்கள் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்.

நோயே இல்லாத நம் நாட்டில் இவ்வளவு கெடுபிடி ஏன்? கிருமி இல்லை, ஆனால் அதைப் பரப்பும் கொசு ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. தொற்றிய ஒருவர் வந்து இறங்கினால் போதும். அதனால்தான் அந்நாடுகளிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வருகிறவரை 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். கோபப்பட வேண்டாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலேரியாவுக்கு அப்படி ஒரு பயணத் தடுப்பூசி கிடையாது. ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்காக இரண்டு தடுப்பூசிகள் வந்துள்ளன. அவற்றில் ஒன்றான ஆர்21 புனேயில் தயாராகிறது. உலகில் ஆண்டுதோறும் மலேரியாவில் இறக்கும் சுமார் 6 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், அதிலும் சிறு குழந்தைகள். எனவே அந்த ஊசி அவர்களுக்கே முதலில் போக வேண்டும். பயணியான உங்களுக்கு மாத்திரைதான். புறப்படுமுன் தொடங்கி, திரும்பிய பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை விழுங்க வேண்டும். “எங்கள் ஊரிலும் மலேரியா உண்டு, எனக்குப் பழக்கம்தான்” என்று நம்பாதீர்கள். அங்குள்ள பால்சிபாரத்துக்கு முன் நீங்கள் 1841-இல் நைஜர் ஆற்றில் போனவர்களைப் போலத்தான். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும்கூட, சில ஆண்டுகள் வெளியே இருந்தால் அந்தப் பாதி எதிர்ப்புச் சக்தி தேய்ந்துவிடும்.

திரும்பி வந்தபின் காய்ச்சல் அடித்தால், ஒரு மாதம் கழித்து வந்தாலும் சரி, மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: எந்த நாட்டுக்குப் போனீர்கள், எந்தத் தேதியில் திரும்பினீர்கள். அன்றைக்கே மலேரியா ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். “இல்லை” என்று முடிவு வந்து காய்ச்சல் தொடர்ந்தால், அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் மறுபடி ரத்தம் கொடுங்கள். ஒட்டுண்ணி முதல் துளியிலேயே அகப்பட வேண்டும் என்பதில்லை.